மீற்றர் வாசிக்கிறவன்

ஊரெழுவில் பதினொரு மணி.
செம்பாட்டு மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.
மாசிப் பனி மச்சைத் துளைக்குமாம்,
என்னில் அது வயிற்றைத்தான் துளைக்கிறது.
ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டும்போதே
எந்த அடுப்பில் எது கொதிக்கிறதென்று மூக்கு வாசித்துவிடும்.
யூனிற்றை மட்டும்தான் கண் வாசிக்கவேண்டும்.

முதல் வீடு. நூற்றிப் பன்னிரண்டு யூனிற்.
பெருஞ்சீரகம் போட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி.
எண்ணெயில் பொரித்துவிட்டுத்தான் பாலில் போட்டிருக்கிறார்கள்,
அந்த வாசம் வேறு.
"கத்தரி விடியப் பிடுங்கினதோ?" என்று கேட்க
வாய் உன்னியது.
"நாய் கட்டியிருக்கோ?" என்று கேட்டேன்.

அடுத்த வீட்டுக் குசினி யன்னலில்
ஒரு பிள்ளை கைபேசியை உப்புப் போத்தலில் சாத்தி வைத்து
பயித்தங்காய் வறையைக் கிளறுகிறாள்.
தேங்காய்ப்பூ சட்டியில் விழுந்த கணம்
கைபேசிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல்:
"கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட."
சட்டியை அவள் தூக்கிப் பிடிக்கிறாள்.
கண்ணாடியில் ஆவி படிகிறது.
அங்கே என்ன மணி, என்ன குளிர், தெரியாது.
எண்பத்தி நான்கு யூனிற்.

கிணற்றடி மோட்டர் அறையின் கூரை முழுக்கப்
பூசணிக்கொடி ஏறிக் கிடக்கும் வீடு நேசராசா அண்ணையினது.
லொறி ஓட்டுகிறவர். மகளின் சோதனைக்கென்று
மனைவி கொழும்புக்குப் போய்ப் பத்து நாள்.
"தம்பி, ஒரு ஆள் ஒரு முழுப் பூசணியை என்னெண்டு தின்னுறது?
மூண்டு நாளா வேளைக்கு வேளை மஞ்சளாத்தான் கிடக்குது."
கால்வாசியை வெட்டி நீட்டினார்.
வெட்டுவாயில் நீர் துளிர்த்து நின்றது.
"வேண்டாம் அண்ணை, அரசாங்க உத்தியோகம்."
"உன்னை நான் பில்லைக் குறைக்கச் சொல்லேல்லை,
பூசணியைத்தான் குறைக்கச் சொல்லுறன்."

முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்க முடியாது.
கால் பூசணியைப் பில் புத்தகப் பைக்குள்
மறைக்கலாமென்று நம்பினேன்.

ஒன்றரைக்குக் கோண்டாவிலில் என் வீடு.
தையல் மெசினை நிறுத்திவிட்டுத் தவமலர் எழும்பினாள்.
பூசணியை மோந்தாள், விரலால் தட்டினாள்,
எந்த வீடென்று கேட்கவில்லை.
தோலைச் சீவவேண்டுமென்று நான்.
பிஞ்சுத் தோல், அதில்தான் ருசியென்று அவள்.
பாதி தோலோடு, பாதி தோலில்லாமல்
ஒரே சட்டிக்குள் போனது.
கீறின பச்சை மிளகாய், நாலு பல் உள்ளி,
முதலில் கப்பிப் பால்,
துண்டுகள் விளிம்பில் கரையத் தொடங்கக் கட்டிப் பால்,
இறக்கும்போது கறிவேப்பிலை,
வேலியில் நின்றதை நான்தான் உருவி வந்தேன்.

குத்தரிசிச் சோற்றின் நடுவே குழி செய்து ஊற்றினால்
மஞ்சள் மெல்ல ஊறி ஓரத்துக்கு வருகிறது.
நாங்கள் பேசவில்லை.
மின்விசிறி சுற்றுகிறது, அதன் யூனிற் என் கணக்கில்.
தோல் துண்டு ஒன்று பல்லில் சின்னதாய்ச் சத்தமிட்டது.
ஏற்றுக்கொள்ள மனமில்லாமல்
இன்னொன்றைத் தேடி எடுத்தேன்.
தவமலர் பார்த்தாள். சிரிக்கவில்லை,
சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பின்னேரம் கந்தோரில் புத்தகத்தை ஒப்படைத்தேன்.
பதினேழாம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டாம் பக்கம்வரை
ஈரம், ஓரமெல்லாம் மஞ்சள், ஒரு விதை.
கமலாசனி மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினா.
விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வருமென்று
நான் வசனம் தேடிக்கொண்டு நின்றேன்.
பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தா.

"தேங்காய்ப்பூ வறுத்துப் போட்டனீங்களோ,
சும்மா பாலோ?"